பதிவேடு எழுதுவதா, வகுப்பைக் கவனிப்பதா?

கேள்வி: இடைநிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு நான்கு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். வகுப்புக்கு 42 மாணவர்கள். பாடவேளையின் முதல் பத்து நிமிடம் அவர்களை அமர்த்தி, வருகை எடுத்து, வீட்டுப்பாடம் கேட்பதிலேயே போய்விடுகிறது. மாலை நேரம் முழுவதும் பதிவேடுகளை நிரப்புவதில் கழிகிறது. அவை முழுமையாக இருக்கின்றனவா என்று தலைமையாசிரியர் மாதந்தோறும் பார்க்கிறார். என் பதிவேடுகளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருப்பதில்லை. ஆனாலும் அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண்கள் சரிந்துவிட்டன. நன்றாகப் படித்துவந்த ஒரு மாணவி இரண்டு மாதமாக வீட்டுப்பாடம் தராமல் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைத் தேர்வு முடிவு வந்த பிறகே உணர்ந்தேன். எல்லாம் என் பதிவேட்டிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பதிவேட்டை ஒதுக்கிவிட்டு முதலில் வகுப்பைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரச் சொல்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். நான் எதை முதலில் கவனிப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது கடைசியில் உள்ள கேள்விதான் என் கண்ணில் பட்டது. மறுமுறை படித்தபோது, "எல்லாம் என் பதிவேட்டிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை" என்ற வரியைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. இப்படித் தன் குறையைத் தானே கண்டு எழுதுகிற ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உங்கள் கேள்விக்கான விடையும் அந்த வரியில்தான் தொடங்குகிறது. எதை முதலில் கவனிப்பது என்று கேட்கும்போது, வகுப்பறை மேலாண்மையும் பதிவேடு பராமரிப்பும் இரண்டு தனி வேலைகள் என்று எண்ணுகிறீர்கள். உங்களைப் பார்வையிடுபவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையிலும் பிறகு ஆசிரியர் பயிற்சியிலும் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், இடைநிலை வகுப்புகளில் அவை ஒரே வேலையின் இரு பகுதிகள். அதற்குக் காரணம் இடைநிலைப் பள்ளியின் அமைப்பிலேயே இருக்கிறது.

தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் அந்தக் குழந்தையோடு இருக்கிறார். காலையில் சோர்ந்து வந்த குழந்தை மாலை வரை சோர்வாகவே இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். இடைநிலை வகுப்பிலோ ஒரு மாணவனை நாளொன்றுக்கு ஆறேழு ஆசிரியர்கள் ஆளுக்கு 40 அல்லது 45 நிமிடம் பார்க்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறவர். கணித ஆசிரியருக்கு அவன் வீட்டுப்பாடம் தராதவன், மொழியாசிரியருக்கு அவன் அமைதியானவன், அறிவியல் ஆசிரியருக்கு அவன் அடிக்கடி வராதவன். இவை மூன்றும் ஒரே பிள்ளையைப் பற்றிய செய்திகள் என்பதை அறியும் இடம் பள்ளியில் எங்கும் இல்லை, பதிவேட்டைத் தவிர. இந்த வயதில் பிள்ளைகள் தங்கள் தடுமாற்றத்தை மறைக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். புரியவில்லை என்று கையைத் தூக்குவதைவிடப் பேசாமல் இருப்பது அவர்களுக்கு எளிது. ஆகவே ஒரு பாடவேளையில் ஆசிரியரின் கண் செய்யும் வேலையை, வாரங்களின் ஊடாகச் செய்ய வேண்டியது பதிவேடு. உங்கள் பதிவேடு அதைச் செய்யத் தயாராகத்தான் இருந்தது, ஆனால் அதை எழுதிய கைக்கு அதைப் படிக்க நேரம் தரப்படவில்லை.

முதலில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்ப்போம், ஏனெனில் மற்றதற்கெல்லாம் நேரம் அங்கிருந்துதான் வர வேண்டும். பாடவேளை 45 நிமிடம், ஆண்டுக்கு 180 பாடவேளை என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பத்து நிமிடம் என்பது ஆண்டுக்கு 1800 நிமிடம், அதாவது 40 முழுப் பாடவேளைகள். இதைப் பாதியாகக் குறைத்தாலே 20 பாடவேளைகள் மீளும். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அது இரண்டு பாட அலகுகளை அவசரமின்றி நடத்தப் போதுமான காலம்.

மூத்த ஆசிரியர் சொன்ன 'கட்டுப்பாடு' என்ற சொல்லில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ஜேக்கப் கௌனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். தவறு செய்த மாணவரை ஆசிரியர்கள் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்பதில்தான் நல்ல வகுப்புக்கும் குழப்பமான வகுப்புக்கும் வேறுபாடு இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். ஆனால் கண்டிக்கும் முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர் காணவில்லை. குழப்பம் தோன்றுவதற்கு முன் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. வகுப்பின் எல்லா மூலைகளிலும் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரியும் என்று மாணவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு ஆசிரியர்கள் தொய்வின்றி நகர்ந்தார்கள். ஒருவரிடம் பேசும்போதே மற்றவர்களுக்குச் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. அவர் பதிவு செய்தவற்றில் பெரும்பாலானவை தொடக்க வகுப்புகள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஆசிரியரின் இரு கண்களே போதுமானவையாக இருக்கலாம். எல்லா மூலைகளையும் அறிந்திருப்பது என்ற அந்தத் திறனை 42 பேர் கொண்ட, நாளுக்கு ஒரு முறை மட்டுமே பார்க்கிற வகுப்பில் பெறுவதற்குக் கண்ணோடு குறிப்பும் தேவைப்படுகிறது.

எனவே இதை முயன்று பாருங்கள். நீங்கள் வகுப்புக்குள் நுழையும்போதே கரும்பலகையில் இரண்டு கணக்குகள் இருக்க வேண்டும். முந்தைய பாடவேளை முடியும் தறுவாயில் ஒரு மாணவரைக்கொண்டு எழுதச் செய்யலாம், அல்லது நீங்களே ஒரு தாளில் எழுதி வந்து ஒட்டலாம். அமர்ந்தவுடன் அதைச் செய்யத் தொடங்குவது என்பதை ஒரு வாரம் பொறுமையாகப் பழக்குங்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது பெயர் கூப்பிடாமல், இருக்கை வரைபடத்தை வைத்துக்கொண்டு காலியான இடங்களை மட்டும் குறித்தால் வருகைப் பதிவு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு வரிசைகளுக்கிடையே நடந்து திறந்திருக்கும் நோட்டுகளைப் பார்த்துச் செல்லுங்கள். வீட்டுப்பாடம் செய்யாதவர்களை மட்டும் அதே வரைபடத்தில் ஒரு புள்ளியால் குறித்துக்கொள்ளுங்கள். எழுப்பி நிறுத்த வேண்டாம், காரணம் கேட்க வேண்டாம். அந்த உரையாடலுக்கு வேறு நேரம் இருக்கிறது.

கரும்பலகையில் எழுதும் அந்த இரண்டு கணக்குகளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. அவை நேற்றைய பதிவிலிருந்து வர வேண்டும். காரணிப்படுத்தலில் குறியை மாற்றி எழுதியவர்கள் பதினோரு பேர் என்று நேற்று குறித்து வைத்திருந்தால், இன்றைய முதல் கணக்கு அந்தக் குறியைப் பற்றியதாகவே இருக்கட்டும். தாங்கள் நேற்று எங்கே தடுமாறினோம் என்பது ஆசிரியருக்கு நினைவிருக்கிறது என்று பிள்ளைகள் ஒருமுறை உணர்ந்துவிட்டால் வகுப்பின் ஒழுங்கு மாறத் தொடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குரலை உயர்த்திப் பெறும் அமைதியைவிட அது நீடித்து நிற்கிறது.

என் பணியின் ஏழாம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பேச ஆரம்பித்தால் அந்த வரிசையே கலையும். இடம் மாற்றினேன், வெளியே நிறுத்தினேன், வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். இன்று நினைத்தாலும் மனம் வருந்துகிறது. பிறகு ஓர் உடன் ஆசிரியர் சொன்னதன் பேரில், அவன் எப்போது பேசத் தொடங்குகிறான், அப்போது வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் இரண்டு வாரம் குறித்து வந்தேன். எண்களைக் கூட்டிப் பெருக்கும் கணக்குகளில் அவன் ஒருமுறைகூட வகுப்பைக் கலைக்கவில்லை. நான்கைந்து வரி வாக்கியமாக வரும் கணக்குகள் தொடங்கும்போதெல்லாம் கலைத்தான். அவனுக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை, அதை நாற்பது பேர் முன்னால் காட்டிக்கொள்ள அவன் விரும்பவில்லை. ஒழுங்குப் பிரச்சினை என்று மூன்று மாதமாக நான் நடத்திவந்தது கற்றல் பிரச்சினை. அந்த இரண்டு வாரக் குறிப்பு ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை, ஆனால் நான் அதுவரை எழுதிய பதிவேடுகளிலேயே பயன் தந்தது அதுதான்.

இனிப் பதிவேட்டுக்கு வருகிறேன். பதிவு செய்வதாலேயே மதிப்பெண் உயராது. நன்றாக நடக்கும் பள்ளிகளில் பதிவேடுகளும் ஒழுங்காக இருக்கின்றன, தேர்ச்சியும் நன்றாக இருக்கிறது என்பதைப் பார்த்து, பதிவேட்டால்தான் தேர்ச்சி வந்தது என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டுமே நல்ல நிர்வாகத்தின் விளைவாக இருக்கலாம். பதிவைக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதைத் தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் குறைவு. அவற்றுள் லின் ஃபக்ஸ், டக்ளஸ் ஃபக்ஸ் இருவரும் 21 ஆய்வுகளைத் தொகுத்து 1986-இல் வெளியிட்டது முக்கியமானது. மாணவரின் முன்னேற்றத்தை அடிக்கடி அளந்து வந்த வகுப்புகளில், அளவுகளைக் குறித்து மட்டும் வைத்தபோது கற்றலில் கிடைத்த பயன் 0.26 என்ற அளவில் இருந்தது (அப்படி அளக்காத வகுப்புகளோடு ஒப்பிட்ட அளவு இது; 0 என்றால் வேறுபாடே இல்லை). அதே அளவுகளை வரைபடமாக வரைந்து பார்த்தபோது 0.70 ஆக இருந்தது. இத்தனை முறை சரிந்தால் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டவர்கள், தங்கள் அனுமானத்தின்படி முடிவெடுத்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பயன் கண்டார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் கற்றலில் இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளைப் பற்றியவை என்பதால் அந்த எண்களை அப்படியே உங்கள் வகுப்புக்கு எடுத்துவர முடியாது. ஆனால் எழுதி வைப்பதற்கும் எழுதியதைப் பார்த்துச் செயல்படுவதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை அவை காட்டுகின்றன.

உங்கள் பதிவேட்டில் அந்த மாணவியின் வரிசையில் எட்டு வாரமாக வெற்றுக் கட்டங்களுக்குப் பதில் 'தரவில்லை' என்ற குறிகள் இருந்திருக்கும். அவை 42 வரிசைகளுக்கு நடுவே, தேதிவாரியாக, ஒரே அளவான கட்டங்களில் இருந்ததால் உங்கள் கண்ணில் படவில்லை. நான் உங்களை மேலும் எழுதச் சொல்லவில்லை, குறைவாக எழுதச் சொல்கிறேன். வருகை, வீட்டுப்பாடம், சிறு தேர்வு மதிப்பெண், எந்தப் பிழையை யார் செய்தார் என்ற குறிப்பு ஆகிய நான்கும் ஒரே தாளில், ஒரு மாணவருக்கு ஒரு வரி என்ற கணக்கில் இருந்தால் போதும். வாரத்தின் கடைசிப் பள்ளி நாளில் இருபது நிமிடம் ஒதுக்கி, ஒன்றும் எழுதாமல் அதைப் படியுங்கள். தொடர்ந்து இரண்டு வீட்டுப்பாடம் வராவிட்டால் தனியாக ஒரு நிமிடம் பேசுவது, மூன்று சிறு தேர்வுகளில் தொடர்ந்து இறங்கினால் வகுப்பாசிரியரிடம் சொல்வது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே பிழையைச் செய்தால் அந்தப் பகுதியை வேறு விதமாக மறுபடி நடத்துவது என்று விதிகளை இப்போதே எழுதி, தாளின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். சோர்வான நாளில் நம் மனம் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றுதான் சொல்லும். அப்போது உதவுவது முன்பே எழுதிய விதிதான்.

வருகையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ராபர்ட் பால்ஃபன்ஸும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007-இல் எழுதினார்கள். 80 சதவீதத்துக்குக் குறைவான வருகை, கணிதத்தில் தோல்வி, மொழிப்பாடத்தில் தோல்வி, நடத்தையில் மோசமான மதிப்பீடு ஆகிய நான்கில் ஒன்று ஆறாம் வகுப்பில் தெரிந்தாலும், அந்தப் பிள்ளை உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்திருந்தது. கவனியுங்கள், இந்த நான்கையும் பெரும்பாலான பள்ளிகள் ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. புதிய கருவியோ புதிய தேர்வோ அதற்குத் தேவைப்படவில்லை. வருகை அந்த அளவுக்குக் குறையாமல் பத்தில் ஒரு பங்கு நாட்கள் மட்டும் வராமல் போனாலும், 200 வேலை நாட்களில் அது 20 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். மாதம் இரண்டு நாள் வராத பிள்ளையை எந்த ஆசிரியரும் பெரிதாக நினைப்பதில்லை. கணிதத்திலோ அந்த இரண்டு நாளில் நடந்ததன் மேல்தான் மூன்றாம் நாள் பாடம் நிற்கிறது.

பதிவேட்டில் எழுதும் சொற்களிலும் கவனம் வேண்டும். 1968-இல் ரோசென்தாலும் ஜேக்கப்சனும் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் பொறுக்கிய சில பெயர்களைச் சொல்லி, இவர்கள் விரைவில் மலர்வார்கள் என்று ஆசிரியர்களிடம் கூறினார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியதாக அவர்கள் கண்டார்கள். அந்த முடிவின் அளவு பற்றிப் பிற்காலத்தில் கடும் விவாதம் நடந்தது. ஆயினும் ஒரு பிள்ளையைப் பற்றி நாம் முன்கூட்டி நம்புவது, அவளை நாம் எத்தனை முறை கேள்வி கேட்கிறோம், விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை மாற்றுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. "சோம்பேறி", "அக்கறை இல்லாதவர்" என்று எழுதப்பட்ட ஒரு சொல் அடுத்த ஆண்டு ஆசிரியரிடமும் போய்ச் சேரும். "இந்த மாதம் ஐந்து வீட்டுப்பாடங்களில் நான்கு தரவில்லை; கேட்டபோது பதில் சொல்லவில்லை" என்று கண்டதை மட்டும் எழுதினால், படிப்பவருக்குக் காரணத்தைத் தேடும் வழி திறந்திருக்கும். கடைசி நாளில் உட்கார்ந்து ஒரு மாதத்தை ஒரே மையில் நிரப்புவதும் இதே அளவுக்குத் தீங்கானது. காலியான கட்டம் நமக்குத் தெரியாது என்றாவது சொல்கிறது, நினைவிலிருந்து நிரப்பிய கட்டமோ தெரியும் என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

மதிப்பெண் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் அன்புகூர்ந்து நிறுத்திவிடுங்கள். ரூத் பட்லர் இஸ்ரேலில் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், எப்படித் திருத்துவது என்ற குறிப்பை மட்டும் பெற்ற மாணவர்களின் செயல்திறனும் ஆர்வமும் உயர்ந்தன. மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடமும், குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்து பெற்றவர்களிடமும் அந்த உயர்வு காணப்படவில்லை. எண்ணைக் கண்டவுடன் பிள்ளை குறிப்பைப் படிப்பதை விட்டுவிடுகிறாள். மதிப்பெண் உங்கள் தாளில் இருக்கட்டும். சிறு தேர்வுகளிலாவது விடைத்தாளில் ஒரு வரி குறிப்பு மட்டும் எழுதி, அதைத் திருத்திக் காட்டிய பிறகு மதிப்பெண்ணைச் சொல்லுங்கள். 42 தாளுக்கும் எழுத நேரமில்லை என்றால் பிழைகளுக்கு எண் கொடுத்து, கரும்பலகையில் எண்வாரியாக விளக்கத்தை எழுதிவிடலாம். உங்கள் தாளின் நான்காவது பத்தியும் அந்த எண்களாலேயே நிரம்பிவிடும்.

தலைமையாசிரியரோடு இதை எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தத் தடை வரும். பள்ளி கட்டாயமாகக் கேட்கிற பதிவுகளை நிறுத்த உங்களுக்கு உரிமையில்லை, நிறுத்தவும் வேண்டாம். ஒரே தகவலை மூன்று இடங்களில் எழுதும் நிலை இருந்தால் அதைப் பட்டியலிட்டுக் காட்டி, ஒன்றிலிருந்து மற்றவற்றை நிரப்ப அனுமதி கேளுங்கள். ஒரு வகுப்பில் மட்டும், ஆறு வாரத்துக்கு மட்டும் இந்த ஒற்றைத் தாளை முயன்று பார்க்கிறேன் என்று சொன்னால் மறுப்பவர்கள் அரிது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் சேர்ந்து அமர்ந்து, ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை மட்டும் சொன்னால் போதும். ஒரே பெயர் இரண்டு வாயிலிருந்து வந்தால் அங்கே பேச வேண்டியது இருக்கிறது. எத்தனையோ பள்ளிகளில் இந்த இருபது நிமிடம் கிடைப்பதில்லை. தலைமையாசிரியர்கள் மனம் வைத்துத் தர வேண்டியது வேறெதையும்விட இதைத்தான் என்று நான் கருதுகிறேன்.

அந்த மாணவியைப் பற்றி. நாளை வகுப்பில் அவளை எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள், வீட்டுப்பாடத்தைப் பற்றியும் கேட்காதீர்கள். உங்கள் பதிவேட்டை எடுத்து, முதன்முதலாக வீட்டுப்பாடம் தராத நாளைக் கண்டுபிடியுங்கள். அதே வாரத்தில் அவளுடைய வருகை எப்படி இருந்தது, அப்போது எந்தப் பாடம் நடந்தது, மற்றப் பாட ஆசிரியர்களின் பதிவில் அதே வாரத்தில் ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். கணிதத்தில் மட்டும் சரிவு இருந்தால், அந்த வாரத்துப் பாடத்தில் ஒரு படி விடுபட்டிருக்கலாம். நீங்களும் அவளும் இரண்டு மூன்று நாள் மதிய இடைவேளையில் அமர்ந்து அதைச் சரிசெய்துவிடலாம். எல்லாப் பாடங்களிலும் ஒரே சமயத்தில் சரிந்திருந்தால் காரணம் வகுப்புக்கு வெளியே இருக்கக்கூடும். அப்போது வகுப்பாசிரியரையும், பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு, அவளைக் குற்றம் சொல்லாத முறையில் வீட்டாரோடு பேச வேண்டும். இவற்றைப் பார்த்த பிறகு அவளைத் தனியாக அழைத்து, "இந்தத் தேதியிலிருந்து உன் நோட்டு என்னிடம் வரவில்லை, நான் கவனிக்கத் தவறிவிட்டேன், அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் காத்திருங்கள், மறுநாளும் கேளுங்கள்.